ஸ்மோக்கி ஐ போட்டா பாண்டா ஆயிடுறேன் அக்கா!

கேள்வி: வீடியோ பாத்து பாத்து நானும் ஸ்மோக்கி ஐ மேக்கப் போடுறேன் அக்கா, ஒவ்வொரு தடவையும் யாரோ கண்ணுல குத்தின மாதிரிதான் இருக்கு. அடுத்த வாரம் ஃப்ரெண்டோட பார்ட்டி, ராத்திரி. எங்க தப்பு பண்றேன்?

பதில்: எடுத்த எடுப்புல கருப்பைத் தொட்டிருப்பீங்க, அதானே? நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். கருப்பா இருந்தாத்தான் ஸ்மோக்கின்னு இல்லைங்க, புகை கீழ அடர்த்தியா இருந்து மேல போகப் போக கலைஞ்சிடும்ல, அதே மாதிரி இமை முடி ஓரத்துல டார்க்கா ஆரம்பிச்சு புருவத்துப் பக்கம் போறப்ப கலர் எங்க முடிஞ்சுதுன்னே தெரியக்கூடாது. மொதல்ல இமை மேல பிரைமர், அதான் கலர் நிக்கிறதுக்கு அடியில பூசுற கிரீம், ரொம்ப லேசா. அப்புறம் உங்க ஸ்கின்னைவிட கொஞ்சமே டார்க்கான மேட் (மினுமினுப்பு இல்லாத) பிரவுன் ஷேடோ, அத கண் மடிப்புல போட்டு நல்லா பரத்துங்க. இத விட்டுட்டுதான் பாதிப்பேர் கருப்பை கலைக்க முடியாம தவிக்கிறாங்க. அப்புறம் இமை மேல அதவிட டார்க் பிரவுன், கடைசியா முடி ஓரத்துல கருப்பு பென்சில், அது காய்ஞ்சு ஒட்டிக்கிறதுக்குள்ள ஸ்மட்ஜ் பண்ணிட்டு மேல கருப்பு ஷேடோவ ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. கலர் எதுவும் படாத சுத்தமான பிரஷ் ஒண்ணு தனியா வேணும், கலைக்கிறதுக்கு மட்டும். பிரஷ்ஷ பேனா மாதிரி முடிகிட்ட புடிக்காம கைப்பிடியோட கடைசியில புடிச்சா அழுத்தம் தானா கொறையும். ஷிம்மர், அதான் மினுமினுக்கிற ஷேடோ, வேணும்னா இமை நடுவுல மட்டும் போதும், ஃபோட்டோவுல ஃபிளாஷ் பட்டா அது ஒண்ணே எடுத்துக் குடுக்கும். ஃபவுண்டேஷன் எல்லாம் கண்ணு முடிச்ச பொறகுதான், இல்லன்னா கீழ கொட்டுற தூள் கன்னமெல்லாம் அப்பிக்கும்.

கேள்வி: ஆபீசுக்கு இத போட்டுட்டுப் போனா ஓவரா தெரியாதா?

பதில்: ராத்திரி போடுறத அப்படியே பகல்ல போட்டா தெரியத்தான் செய்யும். பிரவுன் பென்சில மேல் இமை ஓரத்துல மட்டும் இழுத்து இயர் பட்ஸால கலைச்சு விடுங்க, ஒரு கோட் மஸ்காரா, முடிஞ்சுது. கீழ் இமைல ஒண்ணும் வேணாம். ரெண்டு நிமிஷ வேலை.

கேள்வி: நான் நல்ல மாநிறம். கிரே கலர் போட்டா சாம்பல் பூசின மாதிரி இருக்கு, நமக்கு இதெல்லாம் செட் ஆகாதோ?

பதில்: ஏன் ஆகாது? தப்பு உங்க நெறத்துல இல்லைங்க, அந்த கிரேல இருக்கு. வெளிறின மேட் கிரே, பேஸ்டல் மாதிரி வெள்ளை கலந்த ஷேடு எல்லாம் மாநிறத்து மேல சாம்பலாத்தான் தெரியும். வெண்கலம், செம்பு, டார்க் பிளம் (கருஞ்சிவப்பு கலந்த ஊதா), நேவி ப்ளூ இதுல ஒண்ண கருப்புக்கு பதிலா வச்சுப் பாருங்க. எனக்குக் கேட்டா மாநிறத்துல பிளம் ஸ்மோக்கி மாதிரி அழகு வேற எதுவும் இல்ல.

கேள்வி: கண்ணாடி போடுறவங்களுக்கு?

பதில்: கிட்டப்பார்வைக்குப் போடுற லென்ஸ் கண்ண சின்னதாக் காட்டும், அதனால மேல் இமைல கொஞ்சம் தைரியமாவே போடலாம். இமை முடிக்கு உள்பக்கம் கண்ண ஒட்டின ஓரத்துல மட்டும் கருப்பு தீட்டாதீங்க, இன்னும் சின்னதாயிடும். தூரப்பார்வை லென்ஸ் பெருசாக் காட்டும், திட்டுத் திட்டா இருந்தா அதையும் சேத்துத்தான் காட்டும், அதனால கலைக்கிறதுல சோம்பல் கூடாது. கான்டாக்ட் லென்ஸ்னா லென்ஸ மாட்டிட்டுதான் மேக்கப், கழட்டிட்டுதான் மேக்கப் ரிமூவர்.

கேள்வி: எவ்ளோ கழுவினாலும் காலைல கண்ணுக்குக் கீழ கருப்பு போகவே மாட்டேங்குது!

பதில்: தண்ணி, சோப்பு போட்டு தேச்சா எங்க போகும்? எண்ணெய் கலந்த ரிமூவரை பஞ்சுல நனைச்சு மூடின கண்ணு மேல 20, 30 செகண்ட் அப்படியே வச்சிருந்துட்டு மெதுவா கீழ்ப்பக்கமா இழுத்தா மொத்தமும் பஞ்சோட வந்துரும். முடி வேர்ல ஒட்டியிருக்கறத மட்டும் இயர் பட்ஸால எடுங்க. அப்புறம் அந்த மஸ்காரா தொறந்து 3 மாசம் தாண்டியிருந்தா தூக்கிப் போட்டுடுங்க, ஃப்ரெண்டுக்கும் இரவல் குடுக்காதீங்க.