ஆந்தைக் காசுக்கு எத்தனை மார்க்?

கேள்வி: ஒரு பக்கம் அதீனா தேவியின் தலையும் மறுபக்கம் ஆந்தையும் உள்ள, ஏதென்ஸ் நகரத்தின் பழைய வெள்ளி ஆந்தைக் காசு ஒன்று வாங்க ரொம்ப நாள் ஆசை. பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து, 'அச்சு 5/5, மேற்பரப்பு 4/5' என்று கிரேடிங் (தர மதிப்பீடு) செய்த காசு, பெட்டியில்லாத காசைப்போல இரண்டு மடங்கு விலை. பெட்டியில் இருப்பதுதானே பாதுகாப்பு?
- ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: அவசரப்படாதீர்கள். என்னிடமும் ஓர் ஆந்தை இருக்கிறது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டு, 17.1 கிராம். ஆந்தையின் உடலுக்குக் குறுக்கே உளியால் ஓங்கி வெட்டிய ஆழமான தழும்பு. கிரேடிங்குக்கு அனுப்பினால் மேற்பரப்புக்கு 5-க்கு 2 வந்தாலே அதிகம். ஆனால் அந்த வெட்டுக்காகத்தான் அதை வாங்கினேன். உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளி பூசிய காசுகள் அந்தக் காலத்திலேயே உண்டு. அதனால் எகிப்திலும் சிரியா பக்கத்திலும் வணிகர்கள் சந்தேகப்பட்ட காசை வெட்டிப் பார்த்தார்கள். என் காசு வெட்டிய இடத்திலும் வெள்ளிதான்.

படம் செதுக்கிய அச்சை வெள்ளி வில்லையின் மேல் வைத்து, இந்தக் காசுகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்தார்கள். அச்சைவிட வெள்ளி வில்லை சிறிதாக இருந்தால் அதீனாவின் தலைக்கவசத் தூவி வெளியே போய்விடும்; பெரும்பாலான ஆந்தைகளில் அப்படித்தான். இன்று கிரேடிங்கில் புழங்கும் 70 மார்க் அளவுகோலோ, 1949-இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்காவின் பழைய ஒரு சென்ட் செப்புக் காசுகளுக்காக வகுத்தது. கிரேக்கக் காசுக்கு அதை அப்படியே போடாமல் ஐந்துக்கு இத்தனை என்று மாற்றிக்கொண்டார்கள், சரி. ஆனாலும் அச்சில் அதீனாவின் முகத்தை அழகாகச் செதுக்கிய கை அந்த இரண்டு எண்களிலும் இல்லை. நன்றாக இருந்தால் பக்கத்தில் தனியாக ஒரு குறிப்பு எழுதுவார்கள், அவ்வளவுதான். நான் முதலில் பார்ப்பது அந்த முகத்தைத்தான்.

போலிக்கு வருவோம். கிரேடிங் செய்பவர்கள் அனுபவசாலிகள், மட்டமான போலிகளை ஒதுக்கிவிடுவார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அது உதவிதான். ஆனால் 1988-இல் 'கருங்கடல் புதையல்' என்று சந்தைக்கு வந்த சிறு வெள்ளிக் காசுகளைப் பற்றி, பெரிய பெரிய நிபுணர்களே உண்மை, போலி என்று இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். கடைசியில் போலி என்றே முடிவானது. ஒரு சீட்டில் அச்சடித்த தீர்ப்பை நான் முழுதாக நம்பாததற்கு அதுதான் காரணம். அப்புறம், அச்சில் அடிக்காமல் உருக்கி வார்த்த போலிக் காசின் இணைப்புக் கோடும், பூச்சு உரிந்த செம்பும் முதலில் தெரிவது விளிம்பில். பெட்டி பெரும்பாலும் மறைப்பதும் அதைத்தான்.

பெட்டியில்லாத அந்தக் காசின் எடையைக் கேளுங்கள். 17 கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். விளிம்பைச் சுற்றிலும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இதற்கு முன் எந்த ஏலத்தில் போனது, போலி என்றால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இதற்கெல்லாம் விற்பவர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால், இரண்டு காசின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். அதீனாவின் கண்ணையும் உதட்டையும் சேர்ந்தே பார்ப்போம்.