மிக்ஸி ஓடாத வீடு

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

எங்களுக்கு ஒரத்தநாடு பக்கம். வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக ரிட்டயர்ட் ஆனவர். கடைசியாக இருந்தது காஷ்மீரில், தீவிரவாதிகளை எதிர்க்கும் ராஷ்டிரிய ரைபிள்ஸ் படையில். அங்கே கூட இருந்தவர் இவர் கண்ணெதிரே இறந்துபோனார் என்பதே அவருடைய நண்பர் சொல்லித்தான் தெரியும். இவர் வாய் திறந்ததில்லை.

ஊருக்கு வந்தும் தூக்கம் இல்லை. ராத்திரியெல்லாம் திண்ணையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். போன ஐப்பசியில் ஒரு சாவு ஊர்வலத்தில் வெடி போட்டதும் வரப்பில் குப்புற விழுந்துவிட்டார். நடவு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து நாலு பேர் கூடும் இடத்துக்கே போவதில்லை. மிலிட்டரி கேன்டீன் சரக்கு குடிப்பது மட்டும் கூடிவிட்டது.

நாங்களும் பழகிவிட்டோம். அவர் மோட்டார் போட வயலுக்குப் போன பிறகுதான் மிக்ஸி ஓட்டுவேன். எட்டாவது படிக்கும் பையன் விளையாடவே போவதில்லை, "அப்பாவைப் பாத்துக்கணும்" என்கிறான். சமீபத்தில் தூக்கத்தில் அலறினார் என்று தொட்டு எழுப்பினேன். என் கழுத்தைப் பிடித்துவிட்டார். விடிந்ததும் அழுதார். மாமியார் காத்து கருப்பு என்கிறார், மந்திரிக்கக் கூப்பிடுகிறார். நான் என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கழுத்து விஷயம். அவர் பிடித்தது உங்களை அல்ல, கனவில் வந்தவனை. ஆனாலும் ஆபத்து ஆபத்துதான். இனி தொட்டு எழுப்பாதீர்கள். கை எட்டாத தூரத்தில், கால்மாட்டில் நின்று விளக்கைப் போடுங்கள். "ஏங்க, நம்ம வீட்லதான் இருக்கீங்க" என்று நிதானமாகச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் தனித்தனியாகப் படுத்தாலும் தப்பில்லை.

நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோயின் அடையாளங்கள். நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். வியட்நாம் போர் முடிந்து, 1980இல்தான் மருத்துவ நூலிலேயே இதற்கு பி.டி.எஸ்.டி. (PTSD) என்று தனிப் பெயர் வந்தது. காஷ்மீரில் அவர் உயிரைக் காப்பாற்றிய எச்சரிக்கை உணர்வு இங்கே வந்தும் அணையவில்லை. வெடிச் சத்தம் கேட்டதும் விழுந்தாரே, அது பயிற்சி பெற்ற உடம்பு செய்த வேலை. சிரித்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்!

மிக்ஸியை ஒளித்து ஓட்டுகிறீர்களே, அதில் அன்பு இருக்கிறது. ஆனால் சத்தமே இல்லாத வீட்டில், சத்தம் ஆபத்தில்லை என்று அவர் மூளை எப்போதுதான் கற்றுக்கொள்ளும்? விலக விலக நோய் வளரும். அதற்காகத் திடீரென்று ஓட்ட வேண்டாம். "மாவு அரைக்கப் போறேங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டுங்கள். தெருவில் சாவு, திருவிழா என்றால் வெடி எப்போது என்று முன்கூட்டியே கேட்டு அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை பையன் மேல். போருக்குப் போகாத பிள்ளையும் காவலுக்கு உட்கார்ந்துவிட்டான். இப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளைகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தே பொழுதை ஓட்டுவார்கள், எல்லாம் தன்னால்தான் என்றும் நினைப்பார்கள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, காரணம் நீ இல்லை, பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் இருக்கிறோம்" என்று வாய்விட்டே சொல்லுங்கள். சாயங்காலம் மைதானத்துக்கு விரட்டிவிடுங்கள்.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. நடந்ததைப் பயிற்சி பெற்ற ஒருவர் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக் கடக்கும் முறைதான் முக்கியம். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு, பலன் தெரியச் சில வாரம் ஆகும். முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை இருந்தால் தஞ்சாவூர் பாலிகிளினிக்கில் காட்டி மனநல மருத்துவரிடம் போகலாம். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். மனநோய்க்கு மருந்து சாப்பிட்டால் பென்ஷன் போய்விடும் என்று சில முன்னாள் வீரர்கள் பயப்படுகிறார்கள். அப்படியெல்லாம் கிடையாது.

தினமும் குடிப்பவர் என்றால் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரலாம். அதையும் டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். பூச்சிமருந்து, லைசன்ஸ் துப்பாக்கி எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம். சாவதைப் பற்றிப் பேசினாலோ, மறுபடி கை ஓங்கினாலோ பிள்ளைகளோடு அக்கம்பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு உடனே உதவிக்குக் கூப்பிடுங்கள்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். விபூதி பூசட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள். பட்டினி, அடி, புகை என்று ஆரம்பித்தால் மட்டும் விடாதீர்கள்.

அவர் வரமாட்டேன் என்றால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள். அந்த இ.சி.எச்.எஸ். திட்டத்தில் மனைவிக்கும் இடம் உண்டு. நீங்களும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். அதுவரை, 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மனஸ்) எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அவர் வயலுக்குப் போயிருக்கும்போது பேசுங்கள்.