Re: ஊட்டியிலிருந்து மைசூர்: ராத்திரி கேட் மூடுவது நியாயமா?

வணக்கம் நண்பரே. ஊட்டியில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி, குழந்தைகளோடு மைசூர் போய்ச் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வழியில் இருக்கும் பந்திப்பூர் புலிகள் காப்பகக் காடு வழியாக இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள். கூடலூர் இறக்கத்தில் மேகம் இறங்கிவிட்டால் நேரத்தை நம்பவே முடியாது. மதியம் இரண்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், வெளிச்சத்திலேயே தமிழ்நாடு-கர்நாடக எல்லையில் இருக்கும் கக்கநல்லா சோதனைச்சாவடியைத் தாண்டிவிடலாம். நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச்சீட்டு) வேண்டும், அதை முன்னாடியே எடுத்து வையுங்கள்.

"தடையே தேவையில்லாத கெடுபிடி" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. 2009-இல் தடை வந்ததே, வண்டியில் அடிபட்டு விலங்குகள் செத்துக்கொண்டிருந்ததால்தான். முகப்பு விளக்கு கண்ணில் பட்டதும் புள்ளிமான் அப்படியே உறைந்து நின்றுவிடும், ஓடாது. ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் இப்போதும் வழி உண்டு. இதே காட்டு வழியை நம்பியிருக்கும் கேரளத்து வயநாட்டுப் பக்கம் மக்கள் இதை எதிர்த்துப் போராடியதும் தெரியும். அவர்கள் கஷ்டம் நிஜமானது, அதற்கு மாற்றுப் பாதையைச் சீராக்கித் தரவேண்டும். சுற்றுலா வரும் நமக்கு அந்த அவசரம் கிடையாது.

என்னைக் கேட்டால், பகலிலும் கெடுபிடி போதாது. யானையைப் பார்த்ததும் நடுரோட்டில் நிறுத்திச் செல்ஃபி எடுக்கிறார்கள், குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறார்கள். தயவுசெய்து எங்கேயும் இறங்காதீர்கள். குழந்தைகளுக்கு யானை காட்ட ஆசையென்றால் முதுமலையில் இருக்கும் தெப்பக்காடு யானைகள் முகாமில் உணவு கொடுக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். அதிகாலை வனத்துறை வேனில் சவாரியும் போகலாம். பிப்ரவரிக்கு மேல் காட்டுத்தீ பயத்தால் சவாரியை நிறுத்துவதுண்டு, முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.