ஆழ்மனம் படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

அன்புள்ள ஐயா,

சனிக்கிழமை மேற்படிப்பு ஆலோசனைக்கு என்னிடம் வந்தபோது, மகளை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டீர்கள்: "ஆழ்மனம், ஆழ்மனம் என்று பிதற்றுகிறாள். இதற்கெல்லாம் ஒரு டிகிரியா?" அன்று கூட்டம்; பதிலை அரைகுறையாக விட்டுவிட்டேன்.

டிகிரி இருக்கிறது; உளவியல் என்று பெயர். ஆனால் அவள் கைப்பேசி வீடியோக்களில் பார்க்கிற, ஆளைக் கோடீஸ்வரன் ஆக்கும் ஆழ்மனம் அந்தப் பாடத்தில் இல்லை.

நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். ஸ்கெட்ச் பேனாவால் 'சிவப்பு' என்று பச்சை நிறத்திலும் 'நீலம்' என்று சிவப்பு நிறத்திலுமாக இருபது சொற்கள். சொல்லைப் படிக்காதே, மையின் நிறத்தை மட்டும் சொல் என்றேன். நான்காவது சொல்லில் நாக்குக் குழறிச் சிரித்தாள். ஏழாவதில் கோபம் வந்துவிட்டது. படிக்கக் கூடாது என்று எவ்வளவு முயன்றாலும் கண் படித்துவிடுகிறது. இத்தனை வருடப் பழக்கம் நம் அனுமதியைக் கேட்பதில்லை. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனை இது. நாம் அறியாமலே மனம் செய்துவிடும் இவற்றை நனவிலிச் செயல்கள் என்பார்கள்; உளவியலாளர்கள் ஆராய்பவற்றில் பல இப்படிச் சாதாரணமானவை. நேரத்தை மில்லிவிநாடியில் அளந்து, புள்ளியியலில் போட்டுப் பார்ப்பார்கள். கோடீஸ்வரன் ஆக்கும் சக்தி எதுவும் கிடையாது.

சினிமா கொட்டகைக் கதையையும் அவள் சொன்னாள். திரையில் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் 'பாப்கார்ன் சாப்பிடுங்கள்' என்று காட்டி விற்பனையைக் கூட்டியதாக 1957-இல் ஜேம்ஸ் விக்காரி என்ற அமெரிக்க விளம்பரக்காரர் அறிவித்தார். 1962-இல் அது வெறும் விளம்பர உத்தி என்று அவரே ஒப்புக்கொண்டார். முகம் வாடிவிட்டது பெண்ணுக்கு.

பிறகு 2013-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னேன். நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களில் கட்டி தேடிக்கொண்டிருந்த 24 ரேடியாலஜி மருத்துவர்களுக்கு, கடைசிப் படத்தில் ஒரு கொரில்லாவின் உருவத்தை ஒட்டிவைத்திருந்தார்கள். 20 பேர் பார்க்கவேயில்லை. அவர்களில் பலருடைய கண் சரியாக அந்த இடத்தில் பதிந்திருந்தும், கட்டியைத் தேடிய மனத்துக்குக் கொரில்லா படவில்லை. உங்கள் மகள் கேட்டது என்ன தெரியுமா? "மற்ற நாலு பேர் எப்படி சார் பார்த்தார்கள்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். வீடியோ மோகத்தில் வருகிறவர்கள் இப்படிக் கேட்பதில்லை.

ஆனாலும் அவசரப்படாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் கணக்குக்குப் பயந்து குரூப் மாற்றியவள். உளவியலில் புள்ளியியலிடமிருந்து தப்ப முடியாது. இளங்கலையோடு நின்றால் வேலை அரிது. ஐந்து வருடச் செலவுக்குத் தயாராகுங்கள். முதுநிலைக்கு அலகாபாத் பல்கலைக்கழகம், காந்திநகர் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் அறிதல் அறிவியல் (காக்னிட்டிவ் சயின்ஸ்), அதாவது மனம் எப்படிக் கவனிக்கிறது, நினைக்கிறது என்று ஆராயும் படிப்பு இருக்கிறது. செயலிகளின் திரை வடிவமைப்பு, விமானப் பாதுகாப்பு ஆகிய துறைகளுக்கும் கவனத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் தேவை. மனநலச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளராக வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும். அது தனிப் பாதை, இன்னும் நீளம்.

விண்ணப்பம் வாங்குமுன் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அதே இருபது சொற்களை வீட்டிலும் தெருவிலும் பத்துப் பேரிடம் கொடுத்து, ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் குறித்து, நோட்டில் கட்டம் போட்டு எழுதி வர வேண்டும். உங்கள் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றாள். அவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். எல்லோரும் தடுமாறும் இடத்தில் பாட்டி ஏன் தடுமாறவில்லை என்று அவளே எழுதிக்கொண்டு வரட்டும்.