மன்னிப்பும் சீட்டுப் பணமும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா வருடக்கணக்காகக் கட்டிய சீட்டுப் பணத்தை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார். அக்கா கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பணம். இப்போது அவர் ‘இரட்சிக்கப்பட்டு’ ஊர் திரும்பியிருக்கிறார். ஜெபக்கூட்டங்களில் சாட்சி சொல்கிறார். தன் பாவங்களையெல்லாம் கர்த்தர் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிட்டாராம். கூட்டம் அல்லேலூயா சொல்கிறது. பணத்தைப் பற்றி அவர் வாய் திறப்பதே இல்லை. “சிலுவையில் தொங்கிய கள்ளனையே ஆண்டவர் மன்னித்தாரே, உங்களால் முடியாதா?” என்று போதகர் அப்பாவிடம் கேட்கிறார். கடவுளின் நீதி இதுதானா? நாங்கள் மன்னித்துத்தான் ஆக வேண்டுமா? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

போதகர் அந்தக் கள்ளனைப் பேச்சில் இழுத்தது நல்லதாயிற்று. அவனிடமிருந்தே தொடங்குவோம்.

லூக்கா 23ஆம் அதிகாரத்தில் இரண்டு கள்ளர்கள். “உன்னையும் எங்களையும் இரட்சித்துக்கொள்” என்று சிலுவையிலிருந்து தப்பிக்க வழி கேட்பவன் ஒருவன். மற்றவன் அப்படிக் கேட்கவில்லை. “நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்” என்கிறான். அதைச் சொன்ன பிறகுதான், தன்னை நினைத்துக்கொள்ளும்படி இயேசுவிடம் வேண்டுகிறான். பரதீசு அவனுக்கு அன்றைக்கே வாக்களிக்கப்படுகிறது.

பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். நீங்கள் யோவான் 19ஆம் அதிகாரத்தையும் புரட்டிப் பாருங்கள். ஓய்வுநாளில் உடல்கள் சிலுவையில் இருக்கக் கூடாது என்பதற்காகப் போர்ச்சேவகர்கள் வந்து இரண்டு பேருடைய காலெலும்புகளையும் முறிக்கிறார்கள். சாவைத் துரிதப்படுத்தும் ரோமானிய வழக்கம் அது. இயேசு அதற்குள் இறந்துவிட்டதால் அவரை விட்டுவிடுகிறார்கள். பரதீசு வாக்களிக்கப்பட்டவனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆணியைப் பிடுங்க எந்தத் தூதனும் இறங்கி வரவில்லை. மன்னிப்பு கிடைத்தது, தண்டனை அப்படியே நின்றது.

இன்னொன்றும் உண்டு. ஆணி அறையப்பட்ட கைகளால் அவன் யாருக்கு எதைத் திருப்பிக் கொடுத்திருக்க முடியும்? உங்கள் ஊர்க்காரருக்குக் கைகள் நன்றாகவே இருக்கின்றன. மைக் பிடிக்கிறாரே! அவருக்குப் பொருத்தமான ஆள் சகேயு. எரிகோவில் வரி வசூலித்த ஆயக்காரருக்குத் தலைவன், பணக்காரன். இயேசு வீட்டுக்கு வந்ததும் எழுந்து நின்று, பாதிச் சொத்து ஏழைகளுக்கு என்கிறான். அநியாயமாய் வாங்கியிருந்தால் “நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்”, அதாவது நாலு மடங்காக, என்கிறான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிப்பது அதற்குப் பிறகு.

மோசேயின் சட்டம் இன்னும் கறாரானது. எண்ணாகமம் 5ஆம் அதிகாரப்படி, குற்றம் செய்தவன் அதை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குத் தீங்கு செய்தானோ அவனிடமே கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள உறவினர்கூட இல்லாதபோதுதான் அது ஆசாரியனுக்குப் போகும். அந்த மனிதர் சபைக்குத் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்கிறாரா என்று விசாரியுங்கள். கொடுத்தால், வரிசை மாறிவிட்டது என்று அர்த்தம்.

பாவத்தைக் கடனாகப் பார்த்து மீட்பை விளக்கியவர்களில் முக்கியமானவர் பதினோராம் நூற்றாண்டின் இறையியலாளர் ஆன்செல்ம். மனிதன் கடவுளுக்குச் சேர வேண்டிய மாண்பைப் பறித்துவிட்டான், அந்தக் கடனை அடைக்க அவனால் ஆகாது, கடவுளே மனிதனாக வந்து அடைத்தார் என்பது அவருடைய வாதம். இதைக் கேட்டுக் கேட்டு நம் பக்தர்களுக்குப் பாவக்கணக்கு என்றால் ‘எனக்கும் இயேசுவுக்கும் இடையில்’ என்றாகிவிட்டது. ஏமாந்தவர் பெயர் அந்த நோட்டிலேயே இல்லை. ஆன்செல்மைக் குறை சொல்ல முடியாது. எடுத்ததை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதாது, இழைத்த அவமதிப்புக்கும் சேர்த்துத் தர வேண்டும் என்று எழுதியவர் அவர்.

நீங்கள் மன்னிக்க வேண்டுமா? கிறிஸ்தவம் அதைக் கேட்கிறது, ஏழெழுபது தரம் கேட்கிறது, மழுப்ப விரும்பவில்லை. கேரளத்தில் பிறந்த கன்னியாஸ்திரீ ராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று மத்தியப் பிரதேசத்தில் பஸ் பயணத்தில் குத்திக் கொல்லப்பட்டார். நிலமற்ற ஏழைகளுக்காக அவர் செய்த வேலை வட்டிக்கடைக்காரர்களுக்கு ஆகவில்லை. 2002இல் அவருடைய தங்கை செல்மி பால், அவரும் கன்னியாஸ்திரீதான், இந்தூர் சிறைக்குப் போய்க் கொலை செய்தவரின் கையில் ராக்கி கட்டினார். அதற்குப் பிறகும் கொலையாளி 2006 வரை சிறையில்தான் இருந்தார். அக்காவை இழந்தவர் தானே சிறைக்குப் போனார் என்பதைக் கவனியுங்கள். அப்படிப்பட்ட மன்னிப்பை இன்னொருவர் நடுவில் நின்று வசூலிக்க முடியாது, போதகராகவே இருந்தாலும்.

கடவுள் அந்த மனிதரை மன்னித்தாரா என்பது அவர்கள் இருவருக்குள் உள்ள விஷயம். உங்கள் அப்பாவின் பணத்துக்கு அது ரசீது ஆகாது. அப்பா எப்போது மன்னிக்கிறார், மன்னிக்கிறாரா என்பதையெல்லாம் அவரிடமே விட்டுவிடுங்கள். நீங்களும் அவரை அவசரப்படுத்த வேண்டாம். பணத்தை மட்டும் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு போய் நேரில் கேளுங்கள். தவணையாகத் தந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். நாலத்தனை வேண்டாம், முதலும் ஐந்தில் ஒரு பங்கும் போதும்.