பக்கவாதத்துக்கு 35 சதவீதம்தான் போட்டார்கள்: இனி உதவித்தொகை கிடைக்காதா?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பிடிக்கிறார்கள். எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை, கால் பலமிழந்துவிட்டன. பேச்சும் குழறுகிறது, வார்த்தை வருவதில்லை. அரசு மருத்துவமனை முகாமில் 35 சதவீதம் என்று சான்று கொடுத்தார்கள். 40 இல்லாததால் உதவித்தொகை கிடையாதாம். கம்பெனியிலோ ராஜினாமா எழுதித் தந்தால் கணக்கை முடித்துவிடலாம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் ராஜினாமா விஷயம். எந்தக் காகிதத்திலும் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பக்கவாதம் என்ற நோய்க்குச் சட்டத்தில் சதவீதம் கிடையாது. அந்த நோய் உடம்பில் விட்டுப்போன பாதிப்பைத்தான் மருத்துவக் குழு அளக்கிறது. உங்கள் கணவரின் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். கை, கால் இயக்கக் குறைபாடு மட்டும் எழுதியிருந்தால், பேச்சை அவர்கள் அளக்கவே இல்லை என்று அர்த்தம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் அட்டவணையில் நரம்புப் பாதிப்பால் வரும் பேச்சு, மொழிக் குறைபாடு தனி இனமாகவே இருக்கிறது. முகாமில் எலும்பு மருத்துவர் மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் இது விட்டுப்போகும். அடிக்கடி நடப்பதுதான்.

இரண்டு குறைபாடுகளையும் சேர்க்கும்போது நேராகக் கூட்டமாட்டார்கள். பெரிய எண்ணோடு, சிறிய எண்ணை (90 - பெரிய எண்) ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்து வருவதைச் சேர்ப்பார்கள். பேச்சுக்கு 20 சதவீதம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 20 x 55 / 90 = 12.2. ஆக 35 + 12.2, அதாவது 47. 40-ஐத் தாண்டிவிட்டது.

அதனால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சியாளரிடம் பரிசோதித்து அறிக்கை வாங்குங்கள். நரம்பியல் மருத்துவரிடம் கை, கால் பலத்தை 0 முதல் 5 வரையான அளவில் எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கையோடு இவற்றை இணைத்து, சான்று கொடுத்த குழுவிடமே மறுமதிப்பீடு கோரி மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மாநில அரசு நியமித்த அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். நரம்பு பாதிப்பைப் பொதுவாக ஆறு மாதம் கழித்தே அளப்பார்கள். எட்டு மாதம் ஆகிவிட்டதால் அந்தத் தடையும் உங்களுக்கு இல்லை.

குழுவின் முன் பல ஆண்கள் கூச்சத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாக நடந்து காட்டிவிடுவார்கள். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, டம்ளரைப் பிடிக்க முடிகிறதா, படி ஏற முடிகிறதா என்று கேட்டால், அன்றாடம் உள்ளதை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். கூட்டியும் சொல்லக் கூடாது. பொய்யாகச் சலுகை பெற்றால் அந்தச் சட்டத்தின் 91-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

இப்போது ராஜினாமா. பி.எஃப்.-உடன் சேர்ந்தே வரும் ஊழியர் ஓய்வூதியத் திட்டம், 1995-இல், பணியில் இருக்கும்போது நிரந்தரமாக முழுமையாக முடங்கியவருக்கு ஓய்வூதியம் உண்டு. பத்து ஆண்டு சேவை தேவையில்லை. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். பாதிப்பு கம்பெனிக்குள் ஏற்பட்டிருக்க வேண்டியதும் இல்லை. அதுவரை செய்துவந்த வேலையை இனிச் செய்ய இயலாது என்பதுதான் அளவுகோல். வலது கை ஓடாதவர் பவர்டேபிளில் உட்கார முடியுமா? ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக் கொடுத்தால் இந்த வழக்கே பலவீனப்பட்டுவிடும். விலகித்தான் ஆக வேண்டும் என்றால், விலகல் காரணம் ‘நிரந்தர உடல் முடக்கம்’ என்று நிர்வாகம் பி.எஃப். இணையதளத்தில் பதிய வேண்டும். 10-டி படிவத்தில் விண்ணப்பியுங்கள், பி.எஃப். அலுவலகம் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும். 10-சி படிவத்தில் ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் அதோடு முடிந்தது.

வேலையில் நீடிக்கும் காலத்துக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. நோய்க்காலப் பலன் 91 நாள்தான் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஒருபக்கப் பக்கவாதம் நீடித்த நோய்ப் பட்டியலில் உள்ளது; இரண்டு ஆண்டு வேலையும் முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 156 நாள் சந்தாவும் இருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் தொடர்ந்து பெறலாம். டிஸ்பென்சரி மருத்துவச் சான்றில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து, 40 சதவீதமும் கைக்கு வந்தபின், இ-சேவை மையத்தில் வருவாய்த் துறையின் மாதம் 1,500 ரூபாய் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவு செய்வார். பி.எஃப். ஓய்வூதியம் வருகிறது என்றால் மறைக்க வேண்டாம். பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ என்று வந்தால் மட்டும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கேளுங்கள்; இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். ஆதார், சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று விண்ணப்பிக்கும் முன்பே சரிபாருங்கள். சான்றிதழ் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்றால், அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள்.