கிரியேட்டின் சாப்பிட்டால் ஓட்டம் ஏன் கனக்கிறது?

கேள்வி: வயது 34, சுத்த சைவம். ஹாஃப் மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன். ஜிம்மில் சொன்னபடி கிரியேட்டின் (தசைக்கு ஆற்றல் தரும் சத்துத் தூள்) தினமும் 20 கிராம் சாப்பிட்டேன். ஒரே வாரத்தில் ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டது, ஓடவே கனமாக இருக்கிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.4 என்று வந்திருக்கிறது. சிறுநீரகம் கெட்டுவிட்டதா? - வாசகர், திருச்சி

பதில்: ஏறியது கொழுப்பு அல்ல, பெரும்பாலும் தண்ணீர்தான். கிரியேட்டின் தசைக்குள் போகும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் தூக்கி ஓட ஏறத்தாழ ஒரு கிலோகலோரி வேண்டும். ஒன்றரைக் கிலோவை 21 கிலோமீட்டர் சுமந்தால் முப்பது கிலோகலோரிக்கு மேல் கூடுதல் செலவு. உங்கள் கால் உணர்ந்த கனம் இதுதான்.

வரவு என்ன என்று பார்ப்போம். தசை, கிரியேட்டினைப் பாஸ்போகிரியேட்டினாகச் சேர்த்து வைக்கிறது. முழு மூச்சில் பாயும்போது செலவாகும் ஏடிபியை (தசைக்கு நேரடி ஆற்றல் தரும் மூலக்கூறு) அது நொடியில் புதுப்பிக்கும். ஆனால் அந்தக் கையிருப்பு பத்து விநாடி அளவுக்குத்தான் தாங்கும். இரண்டு மணி நேர ஓட்டத்தை நடத்துவது மாவுச்சத்தும் கொழுப்பும் ஆக்சிஜனோடு எரிவது. அந்த அடுப்பைக் கிரியேட்டின் பெரிதாக்குவதில்லை. 400 மீட்டர் இன்டர்வல்களை அடுத்தடுத்து ஓடும்போதும், கடைசி 200 மீட்டர் பாய்ச்சலிலும், எடைப் பயிற்சியிலும் பலன் உண்டு. உணவில் கிரியேட்டின் பெரும்பாலும் இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அதனால் சைவர்களின் தசையில் இருப்பு குறைவு. உங்களுக்குப் பலன் சற்றுக் கூடுதலாகவே தெரியும்.

ஆகவே 20 கிராம் வேண்டாம். தினமும் 3 கிராம் போதும். நான்கு வாரத்தில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடும், எடையும் திடீரென்று ஏறாது. பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் புதிதாகத் தொடங்கவே கூடாது. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற சாதாரண வகையே போதும், விலை கூடிய மற்ற வகைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கிரியாட்டினின் விஷயம்: தசையில் உள்ள கிரியேட்டினில் தினமும் ஒன்றரை, இரண்டு சதவீதம் கிரியாட்டினினாக மாறி வெளியேறும். இருப்பு கூடினால் அந்த எண்ணும் கூடும், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும். அதற்காக அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. கிரியேட்டினை நிறுத்தி ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் கடுமையாக ஓடாதீர்கள். உடனே தெரிய வேண்டுமானால் சிஸ்டாட்டின் சி (சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் ரத்தச் சோதனை), சிறுநீரில் அல்புமின் (புரதம்) இரண்டும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். கிரியேட்டின் சாப்பிட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: ராத்திரியே கலந்து வைத்துக் காலையில் குடிக்கலாமா? குடித்தால் வயிறு கலக்குகிறது. - வாசகி, மதுரை

பதில்: கலந்ததும் குடித்துவிடுங்கள். தண்ணீரில் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிரியாட்டினினாகச் சிதையும். டம்ளர் அடியில் மணல்போல் தங்கும் கரையாத தூள்தான் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. வெதுவெதுப்பான நீர் ஒரு டம்ளர் நிறைய எடுத்துத் தெளியும்வரை கலக்குங்கள். ஒரே வேளையில் 5 கிராமுக்கு மேல் போகாதீர்கள்.